அத்தியாயம் 4: பெயின்ட் கடைசியில்

பழைய ஜிப்ஸியை வாங்கி வாசலில் நிறுத்தியதும் எல்லோரும் செய்யும் முதல் காரியம் கலர் பார்ப்பது. நானும் அதைத்தான் செய்தேன். 1998ஆம் வருட ஜிப்ஸி கிங். முடிச்சூர்ப் பக்கம் ஒரு வீட்டில், மாமர நிழலில் ரொம்ப நாளாக நின்ற வண்டி. சேலையூருக்கு இழுத்து வந்த மறு வாரமே டிங்கரிங்குக்கு விட்டு, பட்டி பார்த்து, தேய்த்து, பளபளவென்று வெள்ளை அடித்துக்கொண்டு வந்தேன். தெருவே வந்து பார்த்தது. அது ஆவணி மாதம். கார்த்திகையில் பின் சக்கர வளைவுக்கு மேலே அம்மை போட்டதுபோல் கொப்புளம் கிளம்பியது. பொங்கலுக்கு ஒரு கொப்புளத்தை விரலால் அழுத்தினேன், விரல் உள்ளே போய்விட்டது.

அதனால்தான் இந்த அத்தியாயத்தின் வரிசை தலைகீழாக இருக்கும். முதலில் அடிப்பாகம், பிறகு பிரேக், பிறகு ஆக்சில், பிறகு மற்றவை. பெயின்ட் எல்லாவற்றுக்கும் கடைசி. ஒரு வருடம் திட்டுத்திட்டாக பிரைமரோடு ஓடினாலும் பரவாயில்லை, யாரும் கேட்க மாட்டார்கள். கேட்டால் "வேலை நடக்குது" என்று சொல்லிவிடலாம்.

வேலைக்குக் கெடு ஆயுத பூஜை. வடகிழக்குப் பருவமழை சாதாரணமாக அக்டோபர் மூன்றாம் வாரத்தில் தொடங்குகிறது. ஆயுத பூஜை பெரும்பாலான வருடங்களில் அதற்குச் சற்று முன்னால் வந்துவிடும். சித்திரையில் கழற்ற ஆரம்பித்தால் நடுவில் ஐந்து மாதம் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேலை செய்கிறவருக்கு அது இருபது நாள் வேலைதான். ஐப்பசியில் ஆரம்பித்தால் தார்ப்பாய்க்கு அடியில் உட்கார்ந்து துருவை எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

தாம்பரத்து வண்டியின் நோய்

இந்தப் பக்கத்து வண்டிகளைக் கிலோமீட்டரை வைத்து எடை போடாதீர்கள். அவற்றைத் தின்பது ஓட்டமில்லை, தண்ணீரும் நிற்பதும்தான். கடல் பத்து கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருந்தாலும் மாலைக் காற்றில் உப்பும் ஈரமும் வரும். கடற்கரையோர ஈஞ்சம்பாக்கம், பாலவாக்கத்து வீடுகளில் ஜன்னல் கம்பிக்கு ஆகிற கதியைப் பார்த்தாலே சேஸிஸின் எதிர்காலம் தெரிந்துவிடும். கிழக்குத் தாம்பரம் கொஞ்சம் மேடு. மேற்கே முடிச்சூர், வரதராஜபுரம், பெருங்களத்தூர்ப் பக்கம் அடையாற்றின் கைக்குள் இருக்கிறது. 2015 டிசம்பர் 1 அன்று பெய்த மழையில் தாம்பரத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. பதிவானது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் அதே தெருக்களில்தான் படகு போனது. ஆகவே இந்தப் பகுதியில் பழைய வண்டி வாங்குகிறவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதில்லை. 2015இல் எங்கே நின்றது என்பதுதான்.

விற்கிறவர் "டயர் வரைக்கும்தான் சார் தண்ணி வந்துச்சு" என்பார். எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். யாரும் அந்தக் கடைசி முழத்தைக் கழுவுவதில்லை. என் வண்டியில் அந்த முழம் ஏரி வண்டல் நிறத்தில் இருந்தது, உலர்ந்து மொடமொடவென்று. ஆனால் நான் அதை இழுத்துப் பார்த்தது வாங்கிய பிறகு. பின் விளக்கின் கண்ணாடிக்குள், டேஷ்போர்டுக்குப் பின்னால் வயர்க் கட்டின்மேல், சீட்டுக்கு அடியில் இருக்கும் கம்பிச் சுருளில், இந்த இடங்களிலும் வண்டல் கோடு தங்கும்.

உங்கள் கையில் இருப்பது எந்த ஜிப்ஸி?

1985 டிசம்பரில் வந்த முதல் ஜிப்ஸி எம்.ஜி. 410. அதற்கு 970 சி.சி. இன்ஜின், நான்கு கியர். 1996இல் வந்த கிங்குக்கு 1298 சி.சி. இன்ஜின், ஐந்து கியர். 2000 வாக்கில் கார்புரேட்டர் போய் எம்.பி.எஃப்.ஐ. வந்தது. பொதுமக்களுக்கான விற்பனை 2019வாக்கில் முடிந்தது. உதிரிபாகம் கேட்கும்போது வருடத்தைச் சொன்னால் போதாது, இன்ஜின் நம்பரையும் சேஸிஸ் நம்பரையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முப்பது வருடத்தில் யார் எதை மாற்றிப் போட்டார்கள் என்று வண்டிக்குத்தான் தெரியும்.

மஹிந்திரா ஜீப் வைத்திருப்பவர்களும் இந்த அத்தியாயத்தை அப்படியே படிக்கலாம். ஏணி சேஸிஸ், நான்கு மூலையிலும் பட்டை ஸ்பிரிங், தேவைப்படும்போது மட்டும் போடுகிற ஃபோர் வீல், இந்த மூன்றும் இரண்டுக்கும் பொது. அளவுகளும் எண்ணெய்க் கணக்கும் மட்டும் மாறும்.

தூக்கி நிறுத்துவது

ஜிப்ஸி சுமார் ஒரு டன். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான், தாங்குவதற்கு இல்லை. ஜாக்கியை நம்பி அடியில் படுக்காதீர்கள். ஹாலோ பிளாக்கை அடுக்கி அதன்மேல் சேஸிஸை வைப்பதைப் பல வீட்டு வாசல்களில் பார்த்திருக்கிறேன். அந்தக் கல் சுவரில் எடை தாங்கும், ஆனால் ஒரு முனையில் அழுத்தம் விழுந்தால் முன்னறிவிப்பே இல்லாமல் பொடியாகும். மூன்று டன் ஸ்டாண்டு நான்கு வாங்குங்கள். மண் தரையானால் ஒவ்வொரு ஸ்டாண்டுக்கு அடியிலும் ஒரு கனமான பலகை போடுங்கள். நிறுத்தியதும் வண்டியைப் பக்கவாட்டில் நன்றாக உலுக்குங்கள். விழுவதானால் நீங்கள் வெளியே இருக்கும்போது விழட்டும்.

இடம் ஒரு பிரச்சினைதான். அபார்ட்மென்ட்டில் இருப்பவர்கள் அசோசியேஷன் செயலாளரிடம் முதலிலேயே பேசிவிடுவது நல்லது. கிரைண்டர் சத்தத்தைக் காலை ஒன்பதுக்கு முன்னும் மதியம் தூங்கும் நேரத்திலும் வைத்துக்கொள்ளாதீர்கள். வடித்த எண்ணெயைக் கேனில் பிடித்து, பழைய எண்ணெய் சேர்த்து விற்கும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். தெரு மழைநீர்க் கால்வாயில் ஊற்றினால் அது அடுத்த ஏரிக்குத்தான் போகும்.

துருவைத் தேடுவது

தரை விரிப்பு, அதன் கீழே இருக்கும் ஸ்பாஞ்ச், ரெக்சின், எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். ஸ்பாஞ்ச் தண்ணீரைக் குடித்துவிட்டு மாதக்கணக்கில் வைத்திருக்கும். திரும்பப் போடவே வேண்டாம், ரப்பர் மேட் போதும்.

தேவையான கருவி ஒரு சின்னச் சுத்தியல். பலாப்பழத்தைத் தட்டிப் பார்ப்பதுபோல் தரையையும் சேஸிஸையும் அங்குலம் அங்குலமாகத் தட்டுங்கள். நல்ல தகடு "ணங்" என்று பேசும். அழுகிய தகடு "தொப்" என்று வாயை மூடிக்கொள்ளும். அந்த இடத்தில் சாக்பீஸால் வட்டம் போடுங்கள். பட்டியின் சத்தமும் "தொப்"தான். ஆனால் ஃப்ரிட்ஜில் ஒட்டுகிற காந்தத்தைத் துணி சுற்றி வைத்தால் பட்டி இருக்கும் இடத்தில் ஒட்டாமல் நழுவும். என் வண்டியின் இடது பின் வளைவில் காந்தம் இரண்டு சாண் தூரம் எங்குமே ஒட்டவில்லை. அங்கே தகடு இருந்ததற்கான நினைவு மட்டும்தான் இருந்தது.

ஜிப்ஸியில் துரு பிடிக்கும் இடங்கள் ஓரளவு நிலையானவை. டிரைவர் கால் வைக்கும் மூலை, சீட் போல்ட் இறங்கும் இடம், முன் கண்ணாடி ஃப்ரேமின் அடி விளிம்பு, கதவின் அடி மடிப்பு, பின் விளக்குக்குப் பின்பக்கம், பின் சக்கர வளைவு. இவை பாடியின் நோய், தைரியமாக வைத்தியம் பார்க்கலாம். பயப்பட வேண்டியது சேஸிஸின் நோய்க்கு. பின் குறுக்குச் சட்டம், பட்டையின் ஷேக்கிள் தொங்கும் கொக்கிகள், பாடி உட்காரும் ரப்பர்களைத் தாங்கும் கைகள், இந்த மூன்று இடங்களில் சுத்தியல் "தொப்" என்றால் நீங்கள் வெல்டிங் பற்றி யோசிக்கக் கூடாது. வேறு வண்டியைப் பற்றி யோசிக்க வேண்டும், அல்லது சேஸிஸ் வேலை தெரிந்த பெரிய பட்டறையைப் பற்றி.

தரைக்கு ஒட்டுப்போடும்போது டிங்கர்கள் வழக்கமாகச் செய்வது, ஓட்டைத் தகட்டின் மேலேயே புதுத் தகட்டை வைத்து நான்கு இடம் பற்றவைத்துவிடுவது. பார்க்க அழகாக இருக்கும். இரண்டு தகட்டுக்கும் நடுவில் தண்ணீர் புகுந்தால் வெளியேற வழியில்லை, மூன்று மழையில் இரண்டும் போய்விடும். அழுகியதை நல்ல தகடு வரும் வரை வெட்டி எடுங்கள், அல்லது எடுக்கச் சொல்லுங்கள். எங்கள் டிங்கர் அண்ணன் இதற்கு ஒப்புக்கொள்ளவே இல்லை.

"சார், வெட்டுனா பெருசாயிடும் சார். இப்ப உள்ளங்கை அளவு ஓட்டை. வெட்டி எடுத்தா முறம் அளவு வரும்."

"முறம் அளவுக்கே போடுங்கண்ணே. கூலி முறத்துக்கே தரேன்."

அவர் சிரித்துக்கொண்டே வெட்டினார். உள்ளங்கை அளவு என்று தெரிந்தது, வெட்டி முடிக்கும்போது உண்மையிலேயே முறம் அளவு வந்தது. போட்டது 18 கேஜ் தகடு. மெல்லிய தகட்டுக்கு ஆர்க் வெல்டிங் வேண்டாம், ஓட்டை போடும். கேஸ் வெல்டிங் நல்ல கைக்கு ஒத்துவரும், ஆனால் தகடு நெளியும். சி.ஓ.2 வெல்டிங் இருக்கும் கடையாகப் பாருங்கள். திருமுடிவாக்கம் சிட்கோ பக்கத்தில் சின்ன ஃபேப்ரிகேஷன் கடைகள் நிறைய உண்டு. வெல்டிங்குக்கு முன் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். பின் தரையில் வேலை என்றால் பெட்ரோல் டேங்கையும் இறக்கி வேறு இடத்தில் வையுங்கள். பெட்ரோலை வடித்துவிட்டோம், டேங்க் காலிதானே என்று விடாதீர்கள். நிறைந்த டேங்கைவிட, ஆவி மட்டும் நிற்கும் காலி டேங்க்தான் வெடிக்கும்.

நல்ல இரும்பு வந்தபின் கிரைண்டரில் கம்பிக் கிண்ணம் மாட்டித் தேயுங்கள், கண்ணாடி போடாமல் தேய்க்காதீர்கள். பள்ளங்களில் மிஞ்சும் கறுப்புத் துருவுக்கு பாஸ்பாரிக் அமிலம் கலந்த ரஸ்ட் கன்வர்ட்டர் தடவி, காய்ந்தபின் எபாக்சி பிரைமர் இரண்டு கோட். வெறும் ரெட் ஆக்சைடு நம் ஊர் மழைக்குப் போதாது, அதன் வழியாக ஈரம் உள்ளே போகும். சேஸிஸ் பெட்டிச் சட்டத்தின் உள்பக்கத்தை மறக்காதீர்கள். துரு உள்ளிருந்துதான் கிளம்பும். சட்டத்தில் இருக்கும் துளைகள் வழியே மெழுகு ஸ்பிரேயை நீள டியூப் வைத்து அடியுங்கள். சட்டத்தின் அடியிலும் கதவின் அடியிலும் இருக்கும் தண்ணீர் வடியும் துளைகளைக் கம்பியால் குத்தித் திறந்து வையுங்கள். பெயின்டர்கள் அவற்றை அடைப்பதில் வல்லவர்கள்.

ஒரு பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள்: வாட்டர் சர்வீஸ் முடிந்ததும் அடியில் பழைய இன்ஜின் ஆயிலோ டீசலோ அடிப்பது. அப்பாக்கள் காலத்து வழக்கம். துரு கொஞ்சம் தள்ளிப்போவது உண்மைதான். ஆனால் புஷ், பாடி ரப்பர், ஹோஸ் எல்லாம் ஊறிப் பருத்து, ஒரு வருடத்தில் வெல்லப்பாகு மாதிரி ஆகிவிடும். மண்ணும் அப்பிக்கொள்ளும், அப்பிய மண் ஈரத்தை விடாது.

ஓட்டுவதற்கு முன் நிறுத்துவது

நின்ற வண்டியை வாங்கியவர்கள் முதலில் இன்ஜினை ஸ்டார்ட் செய்து பார்த்து மகிழ்கிறார்கள். ஓடும் வண்டி நிற்குமா என்று யாரும் பார்ப்பதில்லை. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். அந்த ஈரம் வீல் சிலிண்டருக்குள் துருவாகும், பிஸ்டன் சிக்கும். கிங்கில் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். பின் டிரம் கழன்று வர மறுத்தால் உள்ளே லைனிங் ஒட்டியிருக்கிறது என்று பொருள். சுத்தியலால் விளிம்பை உடைக்காதீர்கள், அட்ஜஸ்டரைத் தளர்த்திவிட்டுச் சுற்றிலும் மெதுவாகத் தட்டுங்கள்.

ரப்பர் பிரேக் ஹோஸ்களை வயது பார்க்காமல் மாற்றுங்கள். வெளியே நன்றாக இருக்கும், உள்ளே வீங்கி அடைத்திருக்கும். மிதித்தால் அழுத்தம் போகும், விட்டால் திரும்பி வராது, சக்கரம் சூடாகும். இரும்புக் குழாயில் துருப்பொட்டு தெரிந்தால் அந்தத் துண்டை மட்டும் வெட்டி ஒட்டாதீர்கள், முழுக் குழாயையும் மாற்றுங்கள். ஏர் எடுக்கும்போது மாஸ்டர் சிலிண்டருக்குத் தொலைவில் இருக்கும் சக்கரத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். நம் வலக்கை வண்டிகளில் இடது பின், வலது பின், இடது முன், வலது முன். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை ஆயிலை முழுதாக மாற்றுங்கள். மழைக்காலத்துக்குப் பிறகு தை மாதத்தில் வைத்துக்கொண்டால் நினைவில் நிற்கும்.

ஆக்சில்: கொஞ்சம் நேரம் எடுங்கள்

ஜிப்ஸியை ஃபோர் வீல் ஆக்குவது முன் ஆக்சில்தான், ஆகவே இங்கேதான் மெதுவாகப் போக வேண்டும்.

முதல் விதி: வடிக்கும் போல்ட்டைத் திறப்பதற்கு முன், நிரப்பும் போல்ட்டைத் திறந்து பாருங்கள். இருபது வருடம் தொடாத போல்ட் சுற்ற மறுக்கும். எண்ணெயை முழுக்க வடித்துவிட்டு மேல் போல்ட் திறக்கவில்லை என்றால் வண்டியை லேத் வரை தள்ளிக்கொண்டு போக வேண்டும்.

என் வண்டியில் மேல் போல்ட் திறந்தது. கீழ் போல்ட்டைத் தளர்த்தினேன். எண்ணெய் வரவில்லை, முதலில் தண்ணீர் வந்தது. தெளிந்த தண்ணீர், அரை டம்ளர். அதன் பின்னால் டீக்கடைப் பால் டீ நிறத்தில், பாலாடை போல் தடித்து, மெதுவாக ஒரு குழம்பு. கீழ் போல்ட்டின் காந்த முனையில் மயிர் மாதிரி இரும்புத்தூள். 2015இன் தண்ணீர் அத்தனை நாளும் டிஃபரன்ஷியலுக்குள் குடியிருந்திருக்கிறது.

எப்படி உள்ளே போனது? ஓடிச் சூடான ஆக்சில் வெள்ளத்தில் இறங்கும்போது சட்டென்று குளிரும். உள்ளே இருக்கும் காற்று சுருங்கி வெளியிலிருந்து இழுக்கும். ஆக்சில் மேலே ஒரு சின்ன மூச்சுத்துளை, அதாவது ப்ரீதர், இருக்கும். அது மண்ணில் அடைத்திருந்தால் ஆயில் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். அடைக்காமல் இருந்தாலும் தண்ணீருக்குள் முங்கியிருந்தால் அதே கதைதான். வைத்தியம் மலிவு: ப்ரீதரைக் கழற்றி, அந்த இடத்தில் ஒரு ஹோஸ் மாட்டி, இன்ஜின் அறையில் உயரமான இடம் வரை கொண்டுபோய்க் கட்டுங்கள். முன், பின், கியர் பெட்டி, டிரான்ஸ்ஃபர் கேஸ் நான்குக்கும் செய்யலாம். இந்த வண்டியில் நான் செய்த மாற்றங்களிலேயே செலவுக்குப் பலன் அதிகம் தந்தது இதுதான்.

எண்ணெய் விஷயத்தில் ஒன்று கவனம். டிஃபரன்ஷியலுக்கு ஜி.எல். 5, கியர் பெட்டிக்கு ஜி.எல். 4. ஜி.எல். 5 உயர்ந்தது, எல்லாவற்றுக்கும் அதையே போடுவோம் என்று சில மெக்கானிக்குகள் சொல்வார்கள். அதிலுள்ள கந்தகச் சேர்மானம் கியர் பெட்டியின் பித்தளை வளையங்களை அரிக்கும். முன் ஆக்சிலுக்குச் சுமார் இரண்டு லிட்டர், பின்னால் ஒன்றரை, டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு முக்கால் லிட்டருக்குச் சற்று மேல் பிடிக்கும். ஆனால் அளவு பார்ப்பது கேனில் இல்லை. வண்டி மட்டமாக நிற்கும்போது நிரப்பும் துளையில் எண்ணெய் வழிய வேண்டும், அதுதான் அளவு. தண்ணீர் பார்த்த ஆக்சில் என்றால் முதல் எண்ணெயை இருநூறு கிலோமீட்டரில் வடித்துவிட்டு மறுபடி ஊற்றுங்கள்.

அடுத்து கிங் பின். அறுபதில் போகும்போது ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதும் ஸ்டியரிங் கையில் பேயாடுகிறதா? பல பேர் வீல் பேலன்ஸ், அலைன்மென்ட் என்று காசைக் கொட்டுவார்கள். முன் சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் கை வைத்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் வீட்டில் ஒருவரைக் கூப்பிட்டு பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். மிதித்ததும் ஆட்டம் நின்றால் வீல் பேரிங். மிதித்தபின்னும் ஆடினால் கிங் பின் பேரிங். ஐந்து நிமிடச் சோதனை, ஒரு தவறான பில்லை மிச்சம் பிடிக்கும். கிங் பின் பேரிங்கை ஷிம் வைத்து இறுக்கம் பார்த்துப் பூட்ட வேண்டும். முதல் முறை தெரிந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டியரிங் முட்டியின் உருண்டையில் கிரீஸும் எண்ணெயும் சேர்ந்து வழிந்தால் உள் சீல் போய்விட்டது, டிஃபரன்ஷியல் எண்ணெய் முட்டிக்குள் வருகிறது. வெளி ஃபெல்ட் சீலை மட்டும் மாற்றினால் ஒரு மாதம் தாங்கும்.

ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டுகளைக் கழற்றும் முன் இரு பக்கமும் பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். அதே கோடு பார்த்துத்தான் பூட்ட வேண்டும். ஒரு பல் மாறிப் பூட்டினால் வண்டி முழுக்க அதிரும். ஷாஃப்ட் கிராஸ்களுக்கு கிரீஸ் அடிக்கும்போது பழைய கிரீஸ் நான்கு பக்கமும் வெளியே வர வேண்டும். மூன்று பக்கம் வந்து ஒரு பக்கம் வராவிட்டால், சத்தம் போடப்போவது அந்தப் பக்கம்தான்.

பட்டை இறங்கிப் போயிருந்தால் ஜிப்ஸியின் கடையில் கேட்பதைவிட, லாரிக்குப் பட்டை கட்டும் கடையில் வளைத்துக் கொடுக்கச் சொல்வது மலிவு. கழற்றிப் பிரித்து, இலைகளுக்கு நடுவில் இருக்கும் துருவைத் தேய்த்து, கிராஃபைட் கிரீஸ் தடவிக் கட்டுங்கள். ஷேக்கிள் போல்ட்டைக் கடைசியாக வண்டி தரையில் நிற்கும்போதுதான் இறுக்க வேண்டும். தூக்கிய நிலையில் இறுக்கினால் புஷ் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும். இத்தனை செய்தும் ஜிப்ஸி மெத்து மெத்து என்று போகாது. போனால் அது ஜிப்ஸி இல்லை.

ஃபோர் வீலை எங்கே போடுவது

ஜிப்ஸியில் முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் நடுவில் டிஃபரன்ஷியல் கிடையாது. ஃபோர் ஹெச் போட்டால் இரண்டு ஷாஃப்ட்டும் ஒரே வேகத்தில் சுற்றும். ஆனால் திருப்பத்தில் முன் சக்கரங்கள் போகிற வழி, பின் சக்கரங்கள் போகிற வழியைவிட நீளம். மண்ணில் டயர் கொஞ்சம் சறுக்கி அந்தக் கணக்கைச் சரிசெய்துகொள்ளும். தாரில் சறுக்காது. கணக்கு முழுவதும் ஷாஃப்ட்டிலும் கியரிலும் முறுக்காக ஏறும், லீவர் வெளியே வராமல் சிக்கும். ஜி.எஸ்.டி. ரோட்டில் ஃபோர் வீல் போட்டு ஓட்டினேன் என்று யாராவது பெருமையடித்தால் அவர் வண்டியை வாங்காதீர்கள். சிக்கிவிட்டால் பதறாமல் நேராகச் சில மீட்டர் பின்னால் எடுங்கள், முறுக்கு அவிழும்.

மாதம் ஒரு முறையாவது மண் தரையில் சில நூறு மீட்டர் ஃபோர் வீல் போட்டு ஓட்டுங்கள், அப்போதுதான் முன்பக்கத்து கியர்களுக்கு எண்ணெய் ஏறும், லீவரும் உறைந்துபோகாது. சுற்றி வீடு எழும்பிவிட்ட இந்தக் காலத்தில் மண் தரை தேடுவதே ஒரு வேலைதான். அதற்காகப் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் வண்டியை இறக்காதீர்கள். 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த இடம். பறவைகளுக்கு உங்கள் ஃபோர் எல் தேவையில்லை.

தண்ணீரும் பெட்ரோலும்

ரேடியேட்டரில் போர் தண்ணீரை ஊற்றாதீர்கள். இந்தப் பக்கத்து போர் தண்ணீர் பக்கெட்டிலும் ஷவரிலும் படிய வைக்கும் வெள்ளைப் பொருக்கைப் பார்த்திருப்பீர்கள். அதே பொருக்கு ரேடியேட்டர் குழாயிலும் படியும். டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் கலந்து ஊற்றுங்கள். டைமிங் பெல்ட்டை எப்போது மாற்றியது என்று சீட்டு இல்லையென்றால் மாற்றிவிடுங்கள்.

இப்போது பங்கில் கிடைப்பது இ20 பெட்ரோல், 20 சதவீதம் எத்தனால். 1998இன் ரப்பருக்கு எத்தனால் ஆகாது. ஹோஸ் இளகும், கார்புரேட்டரின் வாஷர்கள் வீங்கும். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். டேங்க் பாதி காலியாக மாதக்கணக்கில் நின்றால் அடியில் தண்ணீர் சேர்ந்து துரு பிடிக்கும். எத்தனாலைத் தாங்கும் ஃப்யூவல் ஹோஸ் என்று கேட்டு வாங்கி, டேங்க்கிலிருந்து கார்புரேட்டர் வரை எல்லாத் துண்டையும் ஒரே நாளில் மாற்றுங்கள். ஒவ்வொரு கிளாம்ப்பையும் கையால் தொட்டுப் பாருங்கள். பழைய பெட்ரோல் வண்டிகள் தீப்பிடிப்பது பெரும்பாலும் இந்த அரை அங்குல ரப்பரால்தான்.

சாமான் வேட்டை

புதுச் சாமானுக்கு ஜி.பி. ரோடு, பழையதற்குப் புதுப்பேட்டை. புதுப்பேட்டைக்குக் கழற்றிய பழைய சாமானைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள், வாயால் சொன்னால் மாருதி 800இன் சாமான் வந்து சேரும். ரப்பர், சீல், பேரிங், பிரேக் சாமான் எதையும் அங்கே பழையதாக வாங்காதீர்கள். டிரான்ஸ்ஃபர் கேஸ் கூடு, ஹப், கதவு, கண்ணாடி ஃப்ரேம், இவை வாங்கலாம். ஸ்பானர், வைஸ், பழைய டைப் கிரீஸ் கன் வேண்டுமென்றால் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையைச் சுற்றிப் பாருங்கள். என் பாக்ஸ் ஸ்பானர் செட்டில் பாதி அங்கே வாங்கியதுதான். மீதிப் பாதி இன்னும் அங்கேயே கிடக்கும் என்று நினைக்கிறேன்.

ராணுவத்திலிருந்து கழித்த ஜிப்ஸிகள் எம்.எஸ்.டி.சி. மின் ஏலம் வழியே வெளியே வருகின்றன. காகிதம் முழுதாக இல்லாமல் கையில் கிடைத்தால் அது உதிரிபாகம் மட்டும்தான், வண்டி இல்லை. ராணுவப் பச்சை நிறத்தைப் பொதுமக்கள் வண்டிக்கு அடிக்கக் கூடாது என்பது மத்திய மோட்டார் வாகன விதிகளின் 121ஆம் விதி. வண்டியின் ஆர்.சி.யைப் புதுப்பிக்க, அது காலாவதியாவதற்கு அறுபது நாள் முன்பிலிருந்தே படிவம் 25 கொடுக்கலாம். தாம்பரம் ஆர்.டி.ஓ. என்றால் டி.என். 11, மீனம்பாக்கம் என்றால் டி.என். 22. இன்ஜினை மாற்றி டீசல் வைக்கலாம், கூரையை வெட்டலாம் என்று யோசனை வந்தால், தயாரிப்பாளரின் விவரக்குறிப்பிலிருந்து விலகும் மாற்றங்கள் செல்லாது என்று 2019இல் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் ஒரு முறை யோசியுங்கள்.

வெள்ளம் வந்துவிட்டால்

தண்ணீர் ஏறுகிறது என்று தெரிந்ததும் வண்டியை மேட்டுக்கு எடுங்கள். முடியவில்லை என்றால் பேட்டரியைக் கழற்றிவிட்டு அப்படியே விடுங்கள். வடிந்தபின் ஆசைக்குக்கூட சாவியைத் திருப்பாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் அது அமுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, இன்ஜினைக் கையால் சுற்றுங்கள். துளை வழியே தண்ணீர் பீய்ச்சினால் நல்லது, வெளியே வந்துவிட்டது. பிறகு எல்லா எண்ணெய்களையும், பிரேக் ஆயில் உட்பட, வடியுங்கள். பால் டீ நிறத்தில் எது வந்தாலும் இரண்டு முறை மாற்றுங்கள். பின் டிரம்மைத் திறந்து மண்ணைக் கழுவுங்கள். இதெல்லாம் தண்ணீர் வடிந்த அதே வாரத்தில் நடக்க வேண்டும். என் வண்டியின் பழைய சொந்தக்காரர் அந்த வாரத்தைத் தவறவிட்டதன் விலைதான் நான் மேலே சொன்ன அரை டம்ளர்.

ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி எடுத்தபின், அன்றிரவு அடியில் பழைய தினசரித் தாளை நீளமாக விரித்து வையுங்கள். காலையில் குனிந்து பாருங்கள். தேன் நிறத்தில் கெட்டியாக, கந்தக வாடையோடு இருந்தால் ஆக்சில் அல்லது கியர் எண்ணெய். கறுப்பு என்றால் இன்ஜின். பச்சையாகவோ சிவப்பாகவோ தண்ணீர் மாதிரி இருந்தால் கூலன்ட். சக்கரத்தின் உள்பக்கமாக, நிறம் அவ்வளவாக இல்லாமல் வழுவழுவென்று இருந்தால் பிரேக், அன்றைக்கு வண்டியை எடுக்காதீர்கள். ஒவ்வொரு சொட்டையும் பேனாவால் வட்டமிட்டு, பக்கத்தில் இன்ன இடம் என்று எழுதி, தேதி போட்டு மடித்து வையுங்கள். அடுத்த மாதம் புதுத் தாள் விரித்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எனக்கு இப்போது மூன்று வட்டம் இருக்கிறது. முன் ஆக்சில் இடப்பக்கத்து வட்டம் போன மாதத்தைவிட ஒரு எட்டணா அளவு பெரியது. ஞாயிற்றுக்கிழமை அதைத் திறக்கிறேன்.